மாற்றம் யாருடைய கையில் இருக்கின்றது?

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் எமது நாட்டில் முதலில் ஒலிக்கும் சொல் ‘மாற்றம்’ என்பதாகும். வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் அமைந்துள்ள பூவரசங்குளம் போன்ற ஊர்களுக்கும் இச்சொல் தேர்தல் தோறும் வந்து போகின்றது. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் அம்மக்கள், போரையும் இடப்பெயர்வையும் மீள்குடியேற்றத்தையும் கண்டவர்கள். அவர்களிடம் வந்து மாற்றம் தருவோம் எனக் கூறும் வேட்பாளரின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால், அவர் கூறும் மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற கேள்வியை எழுப்பாமல் வாக்களிப்பது விவேகமாகாது.

வாக்குறுதிகள் யாவும் ஒரே எடை உடையவை அல்ல. சிலவற்றை நிறைவேற்றுவதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அதற்கு 225 உறுப்பினர்களைக் கொண்ட பாராளுமன்றத்தில் 150 பேரின் ஆதரவு தேவை. சிலவற்றிற்குச் சாதாரண பெரும்பான்மை போதுமானது. இன்னும் சிலவற்றிற்கு ஓர் அமைச்சரின் கையொப்பமும் வர்த்தமானி அறிவித்தலும் மட்டுமே போதும்.

முதல் வகைக்கு நிறைவேற்று அதிகாரமுடைய ஜனாதிபதி முறை சிறந்த உதாரணமாகும். 1994 இல் திருமதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 1995 ஜூலை 15 ஆம் திகதிக்குள் அம்முறையை ஒழிப்பதாக வாக்களித்து, 62 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். ஆயினும் அவருடைய பொதுஜன ஐக்கிய முன்னணிக்குப் பாராளுமன்றத்தில் இருந்த ஆசனங்கள் 105 மட்டுமே. நாள் குறித்துக் கொடுக்கப்பட்ட அந்த வாக்குறுதியை நிறைவேற்றும் பலம் வாக்களித்தவரிடம் அன்றே இருக்கவில்லை. 2015 இல் ‘நல்லாட்சி’ என்ற பெயரில் வந்த மாற்றம் 19 ஆவது திருத்தத்தின் மூலம் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்தது. 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் அவற்றை மீண்டும் கூட்டியது. 2022 ஒக்டோபரில் 21 ஆவது திருத்தம் ஒரு பகுதியை மீளக் குறைத்தது. ஏழு ஆண்டுகளில் ஒரே விடயம் மூன்று தடவைகள் மாற்றப்பட்டமை, பெற்ற மாற்றத்தைக் காப்பதும் தனியொரு போராட்டம் என்பதை உணர்த்துகின்றது.

இரண்டாவது வகையிலேயே சாட்டுகள் குறைவு. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. பல ஆண்டுகளாகத் தமிழ் இளைஞர்களைச் சிறையில் வைத்திருந்த அச்சட்டம், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் இளைஞர்கள் பலரின் வீட்டுக் கதவையும் தட்டியது. அதனை நீக்க மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவையில்லை. மாகாண சபைத் தேர்தலின் நிலையும் இத்தகையதே. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. 2017 இல் நிறைவேற்றப்பட்ட தேர்தல் முறைத் திருத்தமும், 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்த எல்லை நிர்ணய அறிக்கையுமே தேர்தலை முடக்கின. அந்த முடிச்சை அவிழ்க்கச் சாதாரண சட்டமொன்று போதும்.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வன்னி மாவட்டத்தில் நான்காம் இடத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி, நவம்பர் பொதுத் தேர்தலில் அங்கு முதலிடம் பெற்று ஆறு ஆசனங்களில் இரண்டை வென்றது. இரண்டு மாதங்களுக்குள் மக்கள் காட்டிய இம்மாற்றத்தைச் சாதாரணமாகக் கொள்ள முடியாது. அக்கட்சிக்கு நாடளாவிய ரீதியில் 159 ஆசனங்கள் கிடைத்தன. எனவே 1994 இல் கூறக்கூடியதாக இருந்த ‘பலம் போதாது’ என்ற காரணத்தை இத்தடவை கூற இயலாது. ஒரு வருடத்துக்குள் உள்ளூராட்சி, மாகாண சபைத் தேர்தல்களை நடத்துவதாக அதன் விஞ்ஞாபனம் கூறியது. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 இல் நடைபெற்றது. மாகாண சபைத் தேர்தல் நடைபெறாமலேயே அந்த ஆண்டு கழிந்தது. நிறைவேறியதையும் நிறைவேறாததையும் ஒரே கணக்கேட்டில் பதிவதே நியாயமாகும்.

மூன்றாவது வகையே வன்னி மக்களின் அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதிப்பது. போர்க்காலத்தில் கைவிடப்பட்டுக் காடு மண்டிய காணிகள் பல வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் சென்றுள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இரு தசாப்தங்களின் பின்னர் திரும்பியபோதும் இதே சிக்கலை எதிர்கொண்டனர். மறிச்சுக்கட்டிப் பகுதியில் 2017 இல் வெளியான வன ஒதுக்கு வர்த்தமானி அதற்கு ஒரு சான்று. 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும், மே மாத இறுதியில் அதனை மீளப் பெறுவதாக அரசாங்கம் கூறியது. ஒரு பேனாவினால் எடுக்கப்படும் காணியை ஒரு பேனாவினாலேயே திருப்பிக் கொடுக்கவும் முடியும் என்பது இதனால் தெளிவாகின்றது. ஆகவே காணி விடயத்தில் ‘காலம் வரட்டும்’ என்று கூறும் எந்த அரசாங்கத்தையும் மக்கள் மன்னிக்க வேண்டியதில்லை.

225 பேரில் ஆறு பேரை அனுப்பும் வன்னி மக்கள், புதிய அரசியலமைப்பைத் தருவேன் எனத் தனியொரு வேட்பாளர் முழங்கினால் அதனை அளந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக, எந்த வர்த்தமானியை நீக்கக் கோருவீர், எந்தக் கிராமத்தின் எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள், எந்த அமைச்சரிடம் என்று கேட்பது பயன் தரும். தேர்தலின் பின்னரும் கேள்வி தொடர வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் பிரதேச செயலகத்திடமோ திணைக்களத்திடமோ தகவல் கோரலாம். அதனைத் தருவதா இல்லையா என 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க அதிகாரி கடமைப்பட்டுள்ளார்.

தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அருகருகே இருந்தும், வாக்குறுதிகள் பெரும்பாலும் இரு வேறு மேடைகளில் வழங்கப்படுகின்றன. காணியையும் சட்டத்தையும் பற்றிய கேள்வியை இரு சமூகத்தவரும் ஒன்றாகக் கேட்பார்களாயின், ஒரு சமூகத்துக்குக் கூறியதை மற்றச் சமூகத்திடம் மறைப்பது எந்த வேட்பாளருக்கும் இயலாததாகிவிடும். மாற்றம் அங்கிருந்தே ஆரம்பிக்க முடியும் என்பதே எமது கருத்தாகும்.