எலுமிச்சை மரத்தில் பிசின் வடியுதா? உள்ளே ஒரு சண்டை நடக்குது!

மழைக்காலத்தில் பொன்முடி போயிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஈரம், பனிமூட்டம். உங்களுக்கு அது ஜாலியான வீக்எண்ட். எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை மரங்களுக்கோ அது ஆபத்துக் காலம்.

எதிரி யார்?
ஃபைட்டோப்தோரா. பூஞ்சை என்றே சொல்கிறோம். ஆனா உண்மையில் அது பாசிகளுக்கு நெருங்கிய உறவு. தேங்கிய நீரில் இதன் வித்துகள் நீந்தியே வேருக்கு வந்துவிடும். 1830களில் அசோரஸ் தீவுகளின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பிசின் நோய் நாசமாக்கியது.

மரம் என்ன செய்கிறது?
ஓட முடியாது, வேதியியல்தான் ஆயுதம்.

* பிசினும் லிக்னினும் சேர்த்து, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பும்.
* குளுக்கனேஸ் என்ற நொதி கிருமியின் செல்சுவரை அரிக்கும்.
* ஸ்கோபரோன் என்ற வேதிப்பொருள் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆரோக்கியமான பட்டையில் இது மிகக் குறைவு. தாக்கப்பட்ட பிறகே கூடும். நோயைத் தாங்கும் ரகங்களில் இது அதிகம் சேர்வதை 1988ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்புறம் ஏன் மரம் சாகிறது?
எதிர்ப்பு போதாத ரகங்களில் கிருமி முந்திவிடும். நோய் தண்டை முழுசா சுற்றிவிட்டால், இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது. வேர் பட்டினியில் சாகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?
ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. மழைக்கு முன்பே தண்டில் போர்டோ பசை பூசுங்கள். பிசின் தெரிந்தால் அன்றைக்கே கவனியுங்கள். இலை மஞ்சளாகும்வரை காத்திருந்தால் லேட்.