கிழக்கு வாசலும் பக்கத்துக் கரையும்: இலங்கையின் ஆர்செப் விண்ணப்பம் பற்றித் தூத்துக்குடியிலிருந்து ஓர் ஆய்வு

ஆசியானின் அன்றைய 10 நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவையும் 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்ட பெரும் வணிக ஒப்பந்தமே ஆர்செப். அதில் சேர இலங்கை 2023-இல் விண்ணப்பித்தது. பேச்சுவார்த்தையில் தொடக்கம் முதல் இருந்த இந்தியா, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் விலகிக்கொண்டது. இலங்கை இந்த முயற்சியைத் தொடரலாமா? விண்ணப்பத்தைத் திரும்பப் பெறத் தேவையில்லை. ஆனால் இந்தியா வெளியே இருக்கும்வரை அதைத் தன் வணிகக் கொள்கையின் மையமாக்குவது இலங்கைக்கு நட்டம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிழக்கு நோக்கிய நாட்டம் புதியதன்று. 1967-இல் ஆசியான் உருவானபோதே இலங்கையின் பெயர் அடிபட்டது. அணிசேராக் கொள்கைக்காக இலங்கைதான் ஒதுங்கியது என்பது ஒரு கூற்று. இலங்கை சேர விரும்பியும் உள்நாட்டுச் சச்சரவு கருதித் தாமே எதிர்த்ததாக, யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சரான சி. இராஜரத்தினம் பிற்காலத்தில் சொன்னது மற்றொன்று. 1980களின் தொடக்கத்தில் இலங்கை மீண்டும் கேட்டது, கிடைக்கவில்லை. இதைக் கைநழுவிய பொன்னான வாய்ப்பு என்று புலம்புவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசியான் தனக்குள் தடையற்ற வணிகத்துக்கு முடிவெடுத்ததே 1992-இல்தான். 1967-இல் உறுப்புரிமை பெற்றிருந்தாலும் இறக்குமதியைப் பூட்டிவைத்திருந்த அன்றைய இலங்கைப் பொருளாதாரம் அதனால் திறந்திருக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை.

இன்றைய கணக்குக்கு வருவோம். இலங்கையின் முதன்மை ஏற்றுமதி ஆயத்த ஆடை. அதன் பெரிய சந்தைகள் அமெரிக்காவும் ஐரோப்பாவும். இவை ஆர்செப்புக்கு வெளியே இருக்கின்றன. ஆர்செப் நாடுகளிலிருந்து, குறிப்பாகச் சீனாவிலிருந்து, இலங்கை வாங்குவதே மிகுதி. எனவே வரிச்சலுகையின் முதல் பயன் விற்போருக்குப் போகும். இதைவிடக் கவலைக்குரியது தோற்ற விதி. உறுப்பு நாட்டிலிருந்து வந்த மூலப்பொருளை மட்டுமே உள்நாட்டுப் பொருளுக்கு நிகராகக் கூட்டிக்கொள்ள ஆர்செப் இடம் தருகிறது. சீனத் துணியில் தைத்த சட்டைக்கு அந்தக் கணக்கு எளிதாகும். கோவை நூலிலும் ஈரோட்டுத் துணியிலும் தைத்த சட்டைக்கு ஆகாது. இலங்கை உள்ளே போனால், இந்தியத் துணியை விட்டு விலகுவதற்கு ஒப்பந்தமே ஊக்கம் தரும்.

துறைமுகத்தின் நிலையும் இதுதான். கொழும்பில் கப்பல் மாறும் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இந்தியாவிலிருந்து போவதும். தூத்துக்குடியிலிருந்து சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே தாய்க்கப்பல் ஏறுவது நம் ஏற்றுமதியாளர்களின் நெடுநாள் வழக்கம். இதை மாற்றவே தூத்துக்குடி வெளித்துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கொழும்பின் வருவாயைத் தொடக்கூடிய முடிவுகள் ஆர்செப் கூட்டங்களில் எடுக்கப்படுவதில்லை.

இந்தியாவோடு மட்டும் கட்டிக்கொண்டு அழ முடியாது என்று கொழும்பு சொல்வதிலும் நியாயம் உண்டு. 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்று வரம்பு கட்டியது. தொடக்கத்தில் அது கொச்சி, கொல்கத்தா வழியாக மட்டுமே வரலாம் என்றும் விதித்தது. கொழும்புக்கு எதிர்க்கரையில் இருக்கும் தூத்துக்குடி பட்டியலில் இல்லை! அந்த ஒப்பந்தத்தை விரிவாக்கும் எட்கா பேச்சு 2016-இல் தொடங்கி, 2018-இல் நின்று, 2023-இல் மீண்டும் எழுந்தது. சார்க் உச்சிமாநாடு 2014-க்குப் பிறகு கூடவேயில்லை. இத்தனை பார்த்த நாடு வேறு வாசலைத் தட்டுவதில் வியப்பில்லை.

ஆனால் பெரிய கூரை ஒன்றின்கீழ் நுழைந்துவிட்டால் அண்டைச் சிக்கல் தானே தீரும் என்ற நம்பிக்கையை முத்துக்குளித்துறையின் வரலாறு ஆதரிக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் உள்ள முத்துச்சிப்பிப் பார்களும் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒரே ஆட்சியின்கீழ் மாறிமாறி இருந்தவை. சிப்பிக் குஞ்சு மிதக்கும் பருவத்தில் நீரோட்டம் இழுத்த பக்கம் போகும்; எந்தப் பாரில் படியும் என்பதை எந்த அரசும் விதிக்க முடியாது. இருந்தும், ஒரே பேரரசின்கீழ் சென்னையும் இலங்கையும் தனித்தனிக் கருவூலங்களாகவே சலாபம் என்னும் முத்துக்குளிப்பை நடத்தின. 1906-இல் இலங்கை அரசு தன் பார்களை ஒரு லண்டன் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. சிப்பி வற்றியதும் அந்நிறுவனம் வீழ்ந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற கடலியல் அறிஞர் அக்கரையில் பணியாற்றிய பின் சென்னை அரசுக்காக இக்கரையில் பணிபுரிந்தார். அறிவு கடலைக் கடந்தது, மேலாண்மை கடக்கவில்லை. தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. 1976 ஒப்பந்தம் வளைகுடாவில் எல்லைக்கோடு வரைந்தது. அதன் வளங்களை இருவரும் சேர்ந்து பேண ஓர் அமைப்பை அது உருவாக்கவில்லை.

ஆகவே இலங்கையின் விண்ணப்பம் பேரம் பேசும் கருவியாக நிலைக்கட்டும். எட்காவில் அது கேட்க வேண்டியவை திட்டமானவை: ஆடை, தேயிலை வரம்புகளைத் தளர்த்துதல், இந்தியத் துணிக்குத் தோற்றக் கணக்கில் முழு இடம், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பெட்டிப் போக்குவரத்துக்கு நீண்டகால உடன்பாடு. தொடக்கப் பேச்சில் பங்கேற்ற நாடு என்பதால், மற்றவர்களுக்கு விதித்த 18 மாதக் காத்திருப்பு இல்லாமலே சேரும் உரிமையை ஆர்செப் இந்தியாவுக்குத் தந்தது. டெல்லி அந்த உரிமையைப் பயன்படுத்தினால் துணிக் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும். அப்போது கொழும்பு தன் விண்ணப்பத்தை முழு வேகத்தில் முன்னெடுக்கலாம்.