பொழுது சாயும் வரை

சமணர் வரலாறு என்றால் குகைப் படுக்கைகளும் கல்வெட்டுகளும் ஏட்டுச்சுவடிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் வீட்டுச் சிறுவர்கள் எவ்வாறு வளர்ந்தார்கள் என்பதை எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. அதைப் பாட்டிமார்தாம் கூற வேண்டும். எண்பதை நெருங்கும் நான், 1950-களில் வந்தவாசியில் கண்டதையும் வாழ்ந்ததையும் பேரப்பிள்ளைகளின் பொருட்டு இம்மலரில் எழுதி வைக்கிறேன்.

வந்தவாசி அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த சிறு நகரம். 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றது இவ்வூர்ப் போரில்தான். அப்போரைப் பகலில் பாடமாகப் படித்த நாங்கள், மாலையில் அக்கோட்டையின் இடிபாடுகளில் ஒளிந்து விளையாடினோம். கோரைப்பாய் நெய்யும் வீடுகளின் திண்ணைகளில் மணிக்கணக்காக அமர்ந்திருப்போம். ஒருவர் கோரையைக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து அடிப்பார். எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்களேயன்றி, ஏன் வந்தாய் என்று எவரும் கேட்டதில்லை.

எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லும் வழக்கமும் இல்லை. ஆயினும் பெற்றோர் அஞ்சியதில்லை. அதற்குக் காரணம் நம் நோன்பே. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துவிட வேண்டும் என்பது இல்லறத்தார்க்கும் உரிய ஒழுக்கம். பள்ளி விட்டபின் எங்கே திரிந்தாலும், வெயில் மஞ்சளாகத் தொடங்கியதும் கால்கள் தாமாகவே வீட்டை நோக்கித் திரும்பும். கடிகாரமும் அதட்டலும் தேவைப்படவில்லை. பிற்பட்டால் அன்றிரவு பட்டினிதான் என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். பொழுது என்னும் ஓர் எல்லை உறுதியாக இருந்ததால், வேறு வேலிகள் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

உணவுக்குப்பின் விளக்கடியில் தந்தையார் ஸ்ரீபுராணத்திலிருந்து அறுபத்துமூன்று மகாபுருடர் வரலாறுகளைச் சொல்வார். விடுமுறை நாளில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பொன்னூர் மலைக்குச் செல்வோம். குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கியபின், பாறைகளில் ஏறித் திரியப் பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு. எறும்பை மிதியாதே, ஓணானை அடியாதே என்பவை மட்டுமே விதிகள். அகிம்சையை முதலில் எங்கள் கால்கள்தாம் கற்றன.

அக்காலத்தைக் குறையற்றதாகக் காட்டுவது வரலாறு ஆகாது. இச்சுதந்திரம் சிறுமியர்க்குப் பாதியிலேயே முடிந்தது. வயதுக்கு வந்ததும் என் கோட்டையும் கோரைத் திண்ணையும் சன்னல் வழிக் காட்சிகளாயின. தம்பிமார் தொடர்ந்து ஓடினார்கள். நான் பள்ளியிலிருந்தும் நிறுத்தப்பட்டேன். அதே பொழுது, அதே நோன்பு, அதே தெரு. எனக்கு மட்டும் எல்லை வாசற்படியாகச் சுருங்கியது. என் பேத்திகள் இன்று பொறியியலும் மருத்துவமும் படிப்பதைக் காணும்போது, நம் சமூகம் திருத்திக்கொண்ட தவறுகளுள் இதுவே பெரிது என்று கருதுகிறேன்.

ஆனால் அப்பேத்திகளின் பிள்ளைகளோ அடுக்குமாடி வீட்டின் பூட்டிய கதவுக்குள் வளர்கிறார்கள். வேலை நாடிக் குடும்பங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்தன. ஜினாலயத்தைச் சுற்றியிருந்த நம் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. திருவிழாவுக்கு வருவோரும் தேர் நிலைக்கு வந்ததும் அன்றே புறப்பட்டுவிடுகிறார்கள்.

பெரியோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. கோடை விடுமுறையில் பத்து நாளாவது பிள்ளைகளை ஊரில் விட்டுவையுங்கள். ஆண், பெண் என்று வேறுபாடு பாராமல் தெருவில் இறங்க விடுங்கள். திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொள்ள என்னைப் போன்ற கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறோம். சோறு ஆக்கி வைத்திருப்போம். பொழுது சாயுமுன் அவர்கள் வந்துவிட்டால் போதும்.