மெய்யான மருந்தும் பொய்யான கவிதையும்

பொய் கலவாத கவிதை சுவைக்காது என்பாருண்டு. மருத்துவத்திற்கோ பொய் ஆகாது. இவை இரண்டும் ஒருமுறை சென்னையில் கைகோத்த வரலாறு நகைப்பிற்கும் சிந்தனைக்கும் ஒருங்கே இடம் தருவதாகும்.

1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், இங்கிலாந்தின் பெர்க்லி என்னும் ஊரில், எட்வர்டு ஜென்னர் பால்காரப் பெண் ஒருத்தியின் கையில் தோன்றிய பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸின் கையில் கீறிச் செலுத்தினார். பின்னர்ப் பெரியம்மைச் சீழையே செலுத்தியபோதும் சிறுவனுக்கு நோய் காணவில்லை. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'வாக்சின்' என்னும் பெயர் பிறந்தது. 1802 ஜூன் 14இல் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்ட்ஹாலுக்கு அம்மை குத்தப்பட்டது; இந்தியாவில் அதுவே முதன்முறை.

மருந்து வந்தது, மக்கள் மனம் வரவில்லை. நோய்க்கும் தெய்வத்திற்கும் 'அம்மை' என்பதே பெயராக வழங்கும் நாட்டில், தாயின் வருகையைத் தடுப்பது எங்ஙனம்? அன்றியும், ஒருவர் கைக்கொப்புளத்து நீரை மற்றொருவர் கையில் ஏற்றும் முறையைச் சாதி பார்ப்போர் ஏற்கத் தயங்கினர்.

இந்நிலையில் எழுதுகோல் எடுத்தவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ். தமிழன்பர்கள் எல்லீசன் எனப் போற்றும் அதே குறளன்பர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எடுத்துரைத்த அப்பேரறிஞர், அம்மை குத்துதலைப் பற்றி வடமொழியில் சிறு கவிதையொன்று இயற்றினார் என்பர். அது பழந்தாளில் எழுதப்பட்டு, எங்கோ கண்டெடுத்த தொன்னூல் போல உலவவிடப்பட்டதாம். மருந்து புனிதப் பசுவின் கொடையே என்று அந்தணர் நம்பவேண்டும் என்பதே நோக்கம். குற்றமற்ற நன்மைக்காகப் பொய்க்கும் இடமளிக்கும் வள்ளுவரின் வாய்மை அதிகாரம் எல்லீசனுக்குத் துணிவூட்டியதோ என்னவோ!

ஆனால் பொய்க்கு ஆயுள் நீளம். எல்லீசன் 1819இல் மறைந்தார். இத்தகைய புனைவுகளையே சான்றாகக் காட்டி, ஜென்னருக்கு முன்பே பண்டை இந்தியர் பசு அம்மைப்பால் குத்தினர் எனப் பின்வந்தோர் பெருமை பேசினர். இது நல்லெண்ணப் புனைவின் விளைவு என ஆய்வாளர் எடுத்துக்காட்ட நெடுங்காலம் ஆயிற்று.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. பசு அம்மையின் மூலம் குதிரையோ என ஜென்னரே ஐயுற்றிருந்தார். 1902இல் அமெரிக்காவில் உருவான பெரியம்மைத் தடுப்பு மருந்தொன்றை 2017இல் ஆராய்ந்தோர், அதிலிருந்த கிருமி குதிரை அம்மைக் கிருமியை மிக நெருங்கியது எனக் கண்டனர். அந்தோ, குதிரையைப் பாடக் கவிஞர் எவருமிலர்!

1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது. மருந்து, தன் பிறப்பைப் பற்றிய கதைகள் எவையாயினும், தன் கடமையை முடித்தது. கவிதையோ உயிர் காக்கப் புறப்பட்டு, வரலாற்றைக் குழப்பியது. நம்பவைக்கும் ஆற்றல் கவிஞனுக்கு வாய்த்த வரம். நம்பியவர் பின்னாளில் எதைச் சான்றாக ஏந்துவர் என எண்ணிப் பார்ப்பதும் அவ்வரத்தோடு வந்த கடமையேயாகும்.