பள்ளி வாசலில் பதினைந்து நிமிடம்

தமிழ்நாட்டில் பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்புக்கென இயற்றப்பட்ட விதிகளில் பல, ஒரு பெருந்துயரத்துக்குப் பின்னரே எழுதப்பட்டவை. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக் கட்டடம் ஒன்றில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தார். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனியே சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதிச் சிறுவன் ஒருவன் இறந்தான். பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை உணர்கருவியும் வேண்டும் என அந்த விதிகள் திருத்தப்பட்டன.

ஆக, கட்டடத்துக்கு விதி இருக்கிறது. பேருந்துக்கும் விதி இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, வண்டியிலிருந்து குழந்தை இறங்கும் இடம் முதல் ஆசிரியையின் கையைப் பற்றும் இடம் வரை, நாற்பது ஐம்பது அடி நீளமுள்ள ஒரு வெளி இருக்கிறது. அதற்குத்தான் பொறுப்பாளர் எவரும் இல்லை. சாலை உள்ளாட்சிக்கு உரியது. போக்குவரத்து காவல் துறையின் கவலை. வாயிற்கதவுக்கு உள்ளே இருப்பதே பள்ளியின் எல்லை. குழந்தை பெற்றோருடையது. நால்வருக்கும் பொதுவான அந்த இடம் நால்வராலும் கைவிடப்பட்டிருக்கிறது. காலை எட்டரை மணியளவில் ஏதேனும் ஒரு மழலையர் பள்ளியின் வாசலில் கால்மணி நேரம் நின்று பார்ப்பவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

மூன்று அடி உயரத்து உலகம்: எல்கேஜி, யுகேஜி படிக்கும் குழந்தையைச் சிறிய அளவிலான மாணவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது சரியன்று. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் மூன்று அடியைச் சற்றே தாண்டும். இன்று பெருகிவிட்ட உயரமான கார்களின் முன்மூடிக்கு அருகே அந்தக் குழந்தை நின்றால், ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னால் நின்றாலும் அப்படித்தான். நிறுத்தப்பட்ட இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து குழந்தை வெளிப்படும்போது, ஓட்டுநரும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்ப்பது கடைசி நொடியில்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடக்கிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். அதன் பின்னரே வேகம் குறையத் தொடங்கும். மறுபுறம், வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் ஆற்றல் இந்த வயதில் வளர்ந்திருப்பதில்லை. ‘பார்த்துப் போ’ என்று சொல்லிக்கொடுப்பது நல்லதே. ஆனால், அந்தச் சொல்லை நம்பி நான்கு வயதுக் குழந்தையைச் சாலையில் விட இயலாது. இங்கே கவனம் முழுவதும் பெரியவர்களின் கடமை.

பொதுவெளியின் கதை: கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், பள்ளி வாசலை நான் ஒரு பழைய பாடத்தின் எடுத்துக்காட்டாகவே காண்கிறேன். தம் குழந்தை அதிகம் நடக்கக் கூடாது, சாலையைக் கடக்கக் கூடாது என்று ஒவ்வொரு பெற்றோரும் நினைக்கிறார்கள். எனவே, வண்டியை வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தனித்துப் பார்த்தால் அந்த முடிவில் தவறில்லை. அன்பிலிருந்து பிறந்த முடிவு அது. ஆனால், இருநூறு பேர் ஒரே பதினைந்து நிமிடத்தில் அதே முடிவை எடுக்கும்போது, வாசல் வண்டிகளால் அடைபடுகிறது. திரும்ப முடியாதவர் பின்னோக்கி எடுக்கிறார். இடம் கிடைக்காதவர் நடுச்சாலையில் குழந்தையை இறக்குகிறார். தம் குழந்தையைக் காப்பதற்காக ஒவ்வொருவரும் செய்யும் செயல், எல்லோருடைய குழந்தைக்கும் ஆபத்தாக முடிகிறது.

காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொதுமேய்ச்சல் நிலம் இப்படித்தான் அழியும் என்றார். அதற்கு மறுமொழியாக அமைந்தன 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் செய்த ஆய்வுகள். சுவிட்சர்லாந்தின் மலைக்கிராம மேய்ச்சல் நிலங்களும் ஸ்பெயினின் பாசன வாய்க்கால்களும் பல நூற்றாண்டுகள் அழியாமல் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்து, அதைத் தாமே கண்காணித்து, மீறுவோரைப் படிப்படியாகத் திருத்தினால் பொதுவெளி பிழைக்கும் என்பது அவருடைய முடிவு. நமக்கு இது புதிய செய்தியன்று. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்ற ஒருவரை ஊரே நியமித்து, முறைவைத்து வயலுக்கு நீர் விட்ட மரபு நம்முடையது. கடைமடைக்கும் நீர் போக வேண்டுமானால் தலைமடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை விட்டுக்கொடுத்தாக வேண்டும். பள்ளி வாசலுக்கும் அப்படியொரு முறை தேவை.

சட்டம் சொல்வது: இருக்கும் சட்டத்தை முதலில் அறிந்துகொள்வோம். பள்ளி, மருத்துவமனை வாயில்களின் அருகே வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதி ஒழுங்குமுறைகளிலேயே எழுதப்பட்டுவிட்டது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்வோர், குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையை அணிவிக்க வேண்டும். ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்குப் பொருத்தமான தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின் இந்தப் பிரிவு 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்டோர் எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். காரில் 14 வயதுக்கு உட்பட்டவரை இருக்கைப் பட்டையோ குழந்தைக்கான தனி இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

இவை நம் தெருக்களில் எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தந்தையின் தலையில் கவசம் இருக்கும். முன்னால் நிற்கும் குழந்தையின் தலை வெறுமையாக இருக்கும். திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் மோதுவது அந்தத் தலைதான்.

இறங்கும் நேரத்துக்கெனச் சில ஆபத்துகள் உண்டு. ஸ்கூட்டரை அணைக்காமல் பெரியவர் மட்டும் இறங்கும்போது, முன்னால் நிற்கும் குழந்தை கைப்பிடியைத் திருகினால் வண்டி பாய்ந்துவிடும். எனவே, முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்த வேண்டும், பிறகே மற்றவை. காரிலும் ஆட்டோவிலும் குழந்தையைச் சாலையோரம் இருக்கும் இடப்பக்கமாக மட்டுமே இறக்க வேண்டும். வலப்பக்கக் கதவைக் குழந்தை தானாகத் திறக்க இயலாதபடி பூட்டும் வசதி பெரும்பாலான கார்களின் பின்கதவில் இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. புத்தகப் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுக்கப் பெரியவர் குனியும் அந்த ஐந்து நொடியில்தான் குழந்தை கைநழுவுகிறது. முதலில் குழந்தையை வாசலில் சேர்த்துவிட்டு, பிறகு பையை எடுப்பது நல்லது. வண்டியைப் பின்னோக்கி எடுப்பதைப் பள்ளி வாசலில் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

ஒப்படைப்பு என்னும் கடமை: குழந்தையை விடுவது என்றால் வாசலில் இறக்கிவிடுவது என்று பொருளன்று, பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைப்பது என்று பொருள். பேத்தியை மழலையர் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பணி சில மாதங்களாக எனக்கு வாய்த்திருப்பதால், ஜூன் மாதக் காட்சிகளை நேரில் கண்டேன். பள்ளி திறந்த முதல் இரு வாரங்களில் அழாத குழந்தை அரிது. அம்மாவோ தாத்தாவோ திரும்பி நடந்ததும், ஆயாவின் பிடியை உதறிவிட்டு அவர்கள் பின்னால் ஓடிவரும் குழந்தைகள் சிலர். போகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடிவரும் குழந்தைக்குச் சாலை கண்ணில் படுவதில்லை. போகிறவரின் முதுகு மட்டுமே தெரிகிறது. அந்நேரத்தில் வாயிற்கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு வழி எளியது. குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். உள்ளே வந்த குழந்தைகள் வெளியே போக முடியாதபடி, வாயிலுக்கும் வகுப்பறைக்கும் இடையே இன்னொரு சிறு கதவு இருந்தால் சிறப்பு. காலை நேரத்தில் வாயிலில் நிற்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட இருவர் வேண்டும். அவர்களிடம் வருகைப் பதிவையும் கட்டண ரசீதையும் சேர்த்து ஒப்படைக்கக் கூடாது. வராத குழந்தையின் வீட்டுக்கு வகுப்பு தொடங்கிய அரைமணி நேரத்துக்குள் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். வேனின் பின்னிருக்கையில் உறங்கிவிட்ட குழந்தையும், விட மறந்து காரிலேயே விடப்பட்ட குழந்தையும் இந்த ஓர் அழைப்பால் காப்பாற்றப்படலாம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் வெப்பம் எவ்வளவு விரைவாக ஏறும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஓட்டுநரும் உதவியாளரும் கடைசி இருக்கை வரை நடந்து பார்த்த பின்னரே வேனைப் பூட்ட வேண்டும்.

நேரத்தைப் பிரித்தால் நெரிசல் குறையும். எல்கேஜிக்கு எட்டே கால், யுகேஜிக்கு எட்டரை, மேல் வகுப்புகளுக்கு எட்டே முக்கால் எனப் பிரிப்பதற்குப் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வண்டிகள் வந்து போக ஒருவழிப் பாதை வகுப்பதும், வாசலின் இருபுறமும் ஐம்பது மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்கக் கூடாது என உறுதிசெய்வதும் செலவில்லாத ஏற்பாடுகளே. ஐம்பது மீட்டர் என்பது குழந்தையின் கைபிடித்து ஒரு நிமிடம் நடக்கும் தூரம்.

உலகம் செய்வது: இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-இல், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பள்ளியை ஒட்டிய தெருவில் வண்டிகளை அனுமதிக்காத முறையைக் கொண்டுவந்தது. ‘பள்ளித் தெரு’ என அழைக்கப்படும் இந்த ஏற்பாடு இன்று லண்டன், பாரிஸ் போன்ற பெருநகரங்களில் பரவியிருக்கிறது. நம் தெருக்கள் குறுகியவை, மாற்றுவழி இல்லை என்று இங்கே சொல்லப்படலாம். ஆனால், தேரோட்ட நாளில் தெருவை மூடவும் போக்குவரத்தைத் திருப்பிவிடவும் நமக்குத் தெரிந்தே இருக்கிறது. காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, இரண்டு தடுப்புப் பலகைகள், ஒரு காவலர் என்றால் எத்தனையோ தெருக்களில் இது முடியக்கூடியதே.

தொலைவு என்னும் வேர்: வாசலில் இத்தனை வண்டிகள் ஏன் என்ற கேள்வியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை குடியிருப்புகளுக்கு நடுவே இருப்பதால், குழந்தைகள் கைபிடித்து நடந்தே வருகிறார்கள். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019-இல் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. இவற்றின் தரமும் ஆசிரியர் எண்ணிக்கையும் உயர்ந்தால், மூன்று வயதுக் குழந்தையை ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு வண்டியேற்றி அனுப்பும் தேவை பல குடும்பங்களுக்குக் குறையும். அருகில் ஒரு நல்ல பள்ளி அமைவது கல்விக் கொள்கை மட்டுமன்று. சாலைப் பாதுகாப்புக் கொள்கையும் அதுவே.

அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால், வாசலுக்கு முறை வகுப்பதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பள்ளி நிர்வாகம், பெற்றோர், வேன் மற்றும் ஆட்டோ ஓட்டுநர்கள், அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவலர், வார்டு உறுப்பினர் ஆகியோர் ஒருமுறை கூடிப் பேசினால் போதும். எங்கே இறக்குவது, எந்த நேரத்தில் யார் வருவது, எந்தப் பக்கம் திரும்புவது, அன்றாடம் யார் நின்று கவனிப்பது, மீறுபவரிடம் யார் பேசுவது ஆகிய ஐந்தையும் எழுதி வாயிலில் ஒட்ட வேண்டும். பெற்றோர் முறைவைத்து நாளுக்கு இருவராக நின்றாலும், இருநூறு குடும்பங்கள் உள்ள பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் ஒருவருக்கு அந்தப் பணி வரும்.

முந்தைய விதிகள் ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுத்த விலை பெரிது. பள்ளி வாசலுக்கான விதியையாவது, எந்தக் குழந்தையின் பெயரும் அதற்குக் காரணமாக அமைவதற்கு முன்பே நாம் எழுதிவிட வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்னர், பத்து நிமிடத்தை வாசலுக்காக ஒதுக்குங்கள்.