வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வரலாமா? விதி சொல்வது என்ன?

வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும்போது, அம்மாவுக்குன்னு ஆறு மாச சுகர் மாத்திரையைப் பெட்டியில் வச்சுக்கிட்டு வர்றது நம்ம ஊரில் சகஜம். சட்டப்படி இது சரியா?

வெளிநாட்டு மருந்தை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி லைசென்ஸ் வேண்டும் என்பதே பொது விதி. 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில், 36-வது விதி பயணிகளுக்கு ஒரு விலக்கு தருகிறது. மருந்து உங்கள் லக்கேஜில் இருக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் காட்டணும். ஒரு மருந்து 100 வேளைக்கான அளவைத் தாண்டக் கூடாது. தினம் ரெண்டு வேளை போடுற மாத்திரைன்னா, 50 நாளைக்குத்தான் வரும்.

இன்னொரு நிபந்தனையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மருந்து அந்தப் பயணியின் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இருக்க வேண்டும். அம்மாவுக்கான மாத்திரை, மகனுக்குக் கிடைக்கும் விலக்கில் வராது!

அப்போ என்ன வழி? டாக்டர் சீட்டோடு, 12ஏ படிவத்தில் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஏற்றுக்கொண்டால் 12பி படிவத்தில் அனுமதி தருவார்கள். இங்கே கிடைக்காத மருந்தை கூரியரில் வரவழைக்கும் நோயாளிகளுக்கும் இதே வழிதான்.

தூக்க மாத்திரை, மார்ஃபின் போன்றவை தனிக் கதை. அவற்றுக்கு 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் சேர்ந்து பொருந்தும். சீட்டு இல்லாமல் கொண்டு வந்தால் சிக்கல்தான்.