ஆட்டுக்குட்டியைத் தாயிடமிருந்து எப்போது பிரிப்பது?

காவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அத்தையின் லயத்துக்குப் பின்னால் பலகைப் பரண் போட்ட ஆட்டுக் கொட்டில் இருக்கிறது. போன வருடம் அங்கே ஒரு குட்டி செத்தது. கடனை அடைக்கத் தாயாட்டை விற்றிருந்தார்கள். குட்டிக்கு அப்போது 5 வாரம். இலை கடிக்கிறதே, பிழைத்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம், நானும்தான். 10 நாளில் வயிறு உப்பி, கழிச்சல் கண்டு போய்விட்டது.

இலையைக் கடிப்பது வேறு, செரிப்பது வேறு. ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். பிறந்த குட்டிக்கு நான்காவது மட்டுமே வேலை செய்யும். ஊட்டும் பால் நேராக அங்கே போய்விடும். தழையை நொதிக்க வைக்கும் முதல் அறை, குட்டி தழை தின்னத் தின்னத்தான் வளர்கிறது. 2 வாரத்தில் கொறிக்கத் தொடங்கினாலும் அந்த அறை தயாராக வாரக்கணக்கில் ஆகும். அதனால் 3 மாதம் என்பது பாதுகாப்பான கணக்கு.

நாளைவிட எடையை நம்பலாம். பிறந்த எடையைப்போல் இரண்டரை மடங்காவது வந்திருக்க வேண்டும். 2 கிலோவில் பிறந்த குட்டி 5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், 3 மாதமானாலும் பொறுங்கள். நாங்கள் சாக்கில் போட்டு, தொங்கு தராசில் நிறுக்கிறோம்.

இந்த விவரங்கள் அடங்கிய துண்டுப்பிரசுரம் ஒன்று அத்தையிடம் இருந்தது, சிங்களத்தில். குட்டி செத்த பிறகுதான் அதை ஒருவர் வாசித்துச் சொன்னார். 1977 வன்செயலில் இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போன பெரியப்பா வீட்டுக்கும் போருக்குப் பிறகு வாழ்வாதார உதவியாக இரண்டு பெட்டையாடுகள் கிடைத்தன. ஆடு கொடுத்தவர்கள் பால் மறக்கடிக்கும் விதத்தைச் சொல்லவில்லை. அவர் தொலைபேசியில் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

2 வாரத்திலிருந்தே குட்டிக்கு எட்டும் உயரத்தில் பலா இலை, முள்முருங்கை, வாடிய கிளிரிசீடியா என்று கட்டித் தொங்கவிடுங்கள். இறப்பர் இலை வேண்டாம். அதில் நஞ்சு உண்டு. பச்சை மரவள்ளி இலையிலும் அப்படியே. சுத்தமான தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். பாலில் வளர்ந்த குட்டி தண்ணீர் குடிக்கப் பழக வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் மாதத்தில் முதலில் இரவில் மட்டும் பிரியுங்கள். பிறகு ஒரு வாரம், நாளுக்கு ஒருதடவை ஊட்டவிட்டு நிறுத்தலாம். இடம் மாற்றுவது தாயைத்தான், குட்டியை அல்ல. குட்டி பழகிய பரணிலேயே இருக்கட்டும். பக்கத்து அடைப்பில், ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டினால் பயம் குறையும். இரண்டு மூன்று நாள் கத்தும்.

"கத்துறதைப் பாத்து இரக்கப்பட்டு அவுத்து விட்டுறாத தம்பி, அப்புறம் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்பார் அத்தை.

அதே வாரத்தில் விதை நசுக்குவது, விற்பது எதுவும் கூடாது. தாய்க்குத் தவிடு, புண்ணாக்கைக் குறையுங்கள், பால் தானே வற்றும். மடி சூடாகி இறுகினால் காத்திருக்காமல் கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

கிடாய்க்குட்டியை 3 மாதத்துக்கு மேல் தாயோடு விட்டுவைக்காதீர்கள். 4 மாதத்திலேயே தாயையும் கூடப்பிறந்த பெட்டையையும் சினைப்படுத்திவிடக்கூடும்.

சப்ரகமுவ மழைக்கு ஈரத் தரையில் புழுத்தொல்லை அதிகம்; பால் மறக்கும் நேரத்தில்தான் குட்டி அதற்கு எளிதில் அகப்படும். பரண் காய்ந்திருக்க வேண்டும். புழு மருந்தை எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். வன்னியில் சிக்கல் வேறு. கடும் வெயில் காலத்தில் பச்சைத் தழை இராது. அப்போது பாலையும் நிறுத்தினால் குட்டி மெலியும். தழை கிடைக்கும்வரை தள்ளிப்போடுங்கள்.

தாய் இறந்துவிட்டால் பசும்பாலை உடல்சூட்டுக்குக் காய்ச்சி ஆற்றி, ஒரு நாளில் நான்கைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். போத்தலைத் தாய்மடி உயரத்தில், குட்டி கழுத்தை நீட்டிக் குடிக்கும்படி பிடியுங்கள். ஆனால் பிறந்த முதல் சில மணி நேரத்தில் சீம்பால் கிடைத்தே ஆக வேண்டும்; அதற்கு ஈடில்லை. வேறு ஆடு ஈன்றிருந்தால் அதனிடம் கறந்து ஊட்டுங்கள்.

இப்போது அத்தையிடம் இருக்கும் குட்டிக்கு 86 நாள், எடை ஆறரைக் கிலோ. இரவில் மட்டும் பிரித்திருக்கிறோம்.